கழுவேறிய ஓலை

எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். ராஜாவுக்குக் கோபம் வந்தால் கோட்டை வாசலில் கழுமரம் முளைத்த காலம் அது. அந்த ராஜா ஒருநாள் தம் தேக்கங்காட்டைப் பார்க்கப் போனார். ஒரு மரத்திலும் உருப்படியான இலை இல்லை. நரம்புதான் மிச்சம், கிளையெங்கும் புழு.

“அந்துப்பூச்சியின் முட்டைகளைப் பொரிய விட்டவன் எவன்? யாராக இருந்தாலும் கழுவேற்றுங்கள்” என்று அங்கேயே ஆணையிட்டார்.

“காட்டுக் காவலர்கள் தூங்கிவிட்டார்கள், பிரபு” என்றார் தலைமை மந்திரி சயந்தரன்.

காவலர் ஆறு பேர். அவர்களில் பூதன் என்பவன், ராஜாவிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும் என்று அரண்மனைக்கு வந்தான். சேதி உள்ளே போகுமுன் சயந்தரன் அவனைக் கழுவேற்றிவிட்டார். நல்ல காரியத்துக்கு அந்த மனிதர் இவ்வளவு சுறுசுறுப்புக் காட்டி நான் கேள்விப்பட்டதில்லை.

மீதி ஐவருக்கும் கழு சீவிக்கொண்டிருந்தபோது அரசவை விகடகவி மருதக்கூத்தன் குறுக்கே வந்தான். “குற்றவாளி இவர்கள்தானா என்று விசாரிக்க வேண்டாமா, பிரபு?”

ராஜா கூத்தன் பேச்சுக்கு மட்டுமே சிரிப்பார். அதில் சயந்தரனுக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். “அப்படியானால் உண்மைக் குற்றவாளியை மூன்று நாளில் கூத்தனே கொண்டுவரட்டும். தவறினால் அவனுக்கும் ஒரு கழு” என்றார். ராஜா தலையசைத்தார்.

கூத்தன் நேரே சிறைக்குப் போனான். காவலர்களில் மூத்தவன் கோவன் பேசினான்.

“நாங்க தூங்கலைங்க. பூச்சி வருஷா வருஷம் முட்டை இடத்தான் செய்யும். நூறு இட்டா பத்து பொரிச்சாலே அதிகம். முசுறு எறும்பு தின்னுடும். அடைமழை கழுவிட்டுப் போயிடும். கண்ணுக்கே தெரியாத குளவி ஒண்ணு இருக்கு, அது பூச்சி முட்டைக்குள்ள தன் முட்டையை வெச்சிடும். அந்த முட்டை கறுத்துப்போகும், புழு வராது. அந்தக் குளவி தேன் குடிக்கிறது புதர்ப் பூவுல.”

“இந்த வருஷம் என்ன ஆயிற்று?”

“மழை பிந்திப்போச்சு, அது சாமி செயல். முசுறையும் புதரையும் கொளுத்தினது நாங்கதான். அரண்மனை ஓலை வந்துதுங்களே.”

“இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?”

“சொல்ல வந்தவன்தாங்க பூதன்.”

அந்த ஓலை இருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு கூத்தன் கிளம்பினான்.

மூன்றாம் நாள் பறை முழங்கியது. கோட்டை வாசலில் கூட்டம். கூத்தன் குற்றவாளியைத் தாம்புக்கயிற்றால் கட்டித் தரதரவென்று இழுத்து வந்தான். கயிற்றின் முனையில் ஓர் ஓலை. அதை எடுத்து உரக்கப் படித்தான்.

“‘வேட்டைக்கு எழுந்தருளிய மன்னர் பெருமானின் கழுத்தில் முசுறு கடித்தமையால், காட்டில் ஒரு கூடும் ஒரு புதரும் இராதபடி எரிக்கவும்.’ எழுதியவர் மந்திரி சயந்தரன். முத்திரை தங்களுடையது, பிரபு. முட்டைகளைத் தின்னும் எறும்பையும் கெடுக்கும் குளவியையும் ஒழித்து, முட்டைகளைப் பொரிய விட்டவன் இவனே. யாராக இருந்தாலும் என்பது தங்கள் ஆணை.”

சொல்லிவிட்டு ஓலையைக் கழுமுனையில் செருகினான். கயிறு கோக்கும் துளை முன்பே இருந்ததால் ஓலை அதிகம் துடிக்கவில்லை.

சயந்தரன் முகம் வெளிறியது. ராஜாவின் கை வாளுக்குப் போனது. பிறகு, எறும்பு கடித்த இடத்தைத் தடவியது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சயந்தரா, பக்கத்து மலையிலிருந்து முசுறுக் கூடுகளை உன் கையாலேயே கொண்டுவந்து ஒவ்வொரு மரத்திலும் கட்டு” என்றார். தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கூத்தனுக்கு அணிவித்தார். “காவலர்கள் எல்லாரையும் விடுதலை செய்யுங்கள்” என்றார், சிரிப்பு அடங்காமலே.

ஐவரும் வந்தார்கள். அவரவர் வீட்டார் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்போது பூதன் மனைவி வெள்ளச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜாவின் முன்னால் வந்து நின்றாள்.

“எல்லாரையும் விடச் சொன்னீங்க, சாமி. எங்க வீட்டுக்காரரு இன்னும் மேலதான் இருக்காரு. அவரையும் இறக்கி விடச் சொல்லுங்க.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க மாட்டானா என்று கூத்தனைப் பார்த்தார். கூத்தன் மோதிரத்தைக் கழற்றி அவர் காலடியில் வைத்துவிட்டு, ஏணி எடுக்கப் போனான்.