ஜெயராக்கினியின் முறை

சிப்பிக்கரை நடுநிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது சிஸ்டர் எமரென்சியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்கு முன் இருபது வருடம், கன்னியர் மடத்தில் சேர வரும் இளம்பெண்களுக்கு இறையியல் சொல்லிக்கொடுத்தவர். சின்னப் பிள்ளைகளை அவர் கோயிலில் பார்த்ததோடு சரி.

தலைமை ஆசிரியை சிஸ்டர் அமலோற்பவம் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பள்ளியின் கணக்கு டீச்சரும் அவர்தான். வந்த அன்றே எமரென்சியா அவரிடம் சொன்னார்.

“எனக்கு மறைக்கல்வி தெரியும், சிஸ்டர். பள்ளிக்கூடம் தெரியாது. வயசைப் பார்க்காம சொல்லிக் கொடுங்க.”

“சேர்ந்தே கத்துக்குவோம்,” என்றார் அமலோற்பவம்.

ஏழாம் வகுப்பில் முப்பத்து நாலு பிள்ளைகள். அவர்களில் பத்தொன்பது பேர் கத்தோலிக்கர். அடுத்த மாதக் கடைசியில் அவர்களுக்கு உறுதிபூசுதல். ஆயர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசுவார். அதற்கு இரண்டு நாள் முன்னால் பள்ளிக்கே வந்து கேள்வி கேட்பார். பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகள் அடுத்த வருடம் வரட்டும் என்று பங்குத்தந்தை ஞாயிறு பூசையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறைக்கல்விக்கு வாரத்தில் இரண்டே பீரியட். எமரென்சியா வேகமாக நடத்தினார். கேள்வி, பதில், அடுத்த கேள்வி. பிள்ளைகளும் ஈடுகொடுத்தார்கள், ஒருத்தியைத் தவிர.

ஜெயராக்கினிக்குப் பேச்சு திக்கும். மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கும் தாயின் ஒரே மகள். கண்ணைப் பார்த்தாலே பதில் தெரிந்தவள் என்று தெரியும். ஆனால் எழுந்து நின்று முதல் எழுத்தைப் பிடித்தால் அதிலேயே நின்றுவிடுவாள். கழுத்து நரம்பு புடைக்கும். எமரென்சியாவால் அதைப் பார்க்க முடியவில்லை; பதிலைத் தானே சொல்லிவிடுவார்.

“ஞானம். அதானே? சரிம்மா, உட்காரு.”

அவள் உட்கார்ந்துவிடுவாள். அப்போதெல்லாம் மற்றப் பதினெட்டுப் பேரும் சிஸ்டரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார்.

“எனக்கு இன்னும் ரெண்டு பீரியட் வேணும், சிஸ்டர். அறிவியல்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு எடுத்துக்கலாம்.”

“எதுக்கு?”

“பாடம் முடியாது. பள்ளிக்கூடம் சபையோடது. இங்க வாரத்துக்கு ரெண்டு பீரியட்தான் கடவுளுக்குன்னா எப்படி?”

எமரென்சியா தயங்கி, அடுத்ததையும் சொன்னார்.

“ஜெயராக்கினி பேரைப் பட்டியல்ல எடுத்துடலாம்னு நினைக்கிறேன். தண்டனையா இல்ல. ஆயர் முன்னாடி அத்தனை பேர் மத்தியில அந்தப் பிள்ளை நின்னு தவிக்க வேண்டாம்.”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். சரின்னு தலையை ஆட்டினா. ஆனா நேத்து அவ அம்மா வந்தாங்க. வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தாச்சாம். ‘எம்புள்ளைக்கு எல்லாம் தெரியும் சிஸ்டர், வெளிய வர நேரமாகும், அவ்வளவுதான்’னு சொல்லிட்டு நின்னாங்க.”

அமலோற்பவம் சன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“இந்த வாரம் நீங்க ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கடைசி பெஞ்சுல உட்காருங்க. எல்லாப் பீரியடும்.”

“என்ன பார்க்கணும்?”

“உட்காருங்க, சிஸ்டர்.”

எமரென்சியாவுக்கு வருத்தம்தான். கேட்டது இரண்டு பீரியட், கையில் இருந்ததும் போயிற்று. ஆனாலும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், முத்துப்பேச்சி என்ற சிறுமிக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதல் பீரியட் கணக்கு. தொம்மை என்ற பையன் கரும்பலகைக்குப் போனான். குறை எண்ணும் மிகை எண்ணும் கூட்டும் கணக்கு. பாதியில் தப்புப் போட்டுவிட்டு, எங்கோ இடறுகிறது என்று தெரிந்து, சாக்பீஸோடு நின்றான். அமலோற்பவம் கை கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். வகுப்பில் பாதிப் பேருக்கு விடை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கையையும் தூக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. தொம்மை அழித்தான், எழுதினான், மறுபடி அழித்தான். எமரென்சியா கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தார்: ஒரே கணக்கு, ஆறு நிமிடம் வீண்.

அறிவியல் சார் கொதித்த உப்புக் கரைசலைக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நூலைத் தொங்கவிட்டார். வெள்ளிக்கிழமை வரை யாரும் தொடக் கூடாது என்றார். “பாத்தியைக் கலக்கினா உப்பு பொடியாப் போயிடும் சார், எங்கப்பா சொல்லும்,” என்றான் உப்பளத்துப் பையன் ஒருவன். அவ்வளவுதான் அன்றைய பாடம். செவ்வாய்க்கிழமை எமரென்சியா குனிந்து பார்த்தார். நூல் வெறும் நூலாகவே இருந்தது. அன்றும் நோட்டில் ஏதோ எழுதினார்.

புதன்கிழமை தமிழ். தமிழ் ஐயா, “ஜெயராக்கினி, நீ வாசிம்மா,” என்றார்.

அந்தப் பெண் எழுந்தாள். முதல் சொல்லிலேயே நின்றாள். முத்துப்பேச்சி தன் புத்தகத்தைச் சிஸ்டர் பக்கம் நகர்த்தி, அந்தச் சொல்லின் கீழ் விரலை வைத்தாள். எமரென்சியாவின் கண் அடுத்த வரிக்குப் போய், பத்தியின் முடிவுக்கும் போய்விட்டது. விரல் அங்கேயே இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். முன் பெஞ்சில், சன்னலோரத்தில், நடுவில், எல்லாப் புத்தகங்களிலும் ஒரு விரல். எல்லாம் அதே சொல்லின் கீழ்.

சொல் வந்தது. விரல்கள் நகர்ந்தன.

ஒரு பத்தி வாசிக்கப் பீரியடில் பாதி போயிற்று. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. “அடுத்த பத்தி, தொம்மை,” என்றார் ஐயா. ஜெயராக்கினி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொம்மை வாசிக்கும் வரியில் தன் விரலை வைத்தாள்.

அன்றைக்கு எமரென்சியா நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை நூல்களில் உப்பு கட்டி கட்டியாகப் படிந்திருந்தது. சாயங்காலம் எமரென்சியா மறுபடி தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார். அமலோற்பவம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பீரியட் கேட்டிருந்தீங்க,” என்றார் தலை நிமிராமல்.

“இருக்கிறதே போதும்.”

“பட்டியல்?”

“அவ பேர் இருக்கட்டும், சிஸ்டர். எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. ஆனா இருக்கட்டும்.”

அமலோற்பவம் தலையாட்டினார்.

அடுத்த வாரம் எமரென்சியா தன் வகுப்பில் ஜெயராக்கினியை எழுப்பினார். தூய ஆவியாரின் ஏழு கொடைகள் என்ன என்று கேட்டார். அவள் தொடங்கினாள். காத்திருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்துத்தான் வந்திருந்தார். மூன்றாவது கொடையில் அவள் நின்றாள். வகுப்பு அமைதியாக இருந்தது.

தொம்மை எழுந்து மரியாதையாகச் சொன்னான்.

“சிஸ்டர், நீங்க சொல்லிட்டீங்க.”

“நானா? நான் வாயே திறக்கலையே.”

“உதடு சொல்லிருச்சு, சிஸ்டர்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெயராக்கினியும் சிரித்தாள். எமரென்சியாவுக்குக் காது சூடாகியது. “சரி, மறுபடி ஆரம்பிப்போம்,” என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்கு அது வசப்படவில்லை. உதட்டை அடக்கினால் தலை ஆடியது. தலையை நிறுத்தினால் கை மேசையைத் தட்டியது. இருபது வருடம் பேசியே பழகிய உடம்பு. மூன்றாவது வாரத்தில் ஒருநாள், ஜெயராக்கினி ஏழு கொடைகளையும் சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகுதான், தான் ஒன்றுமே செய்யாமல் நின்றிருந்தது அவருக்குத் தெரிந்தது. தொம்மை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆயர் வந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையில் வேறு இரண்டு பங்குகளுக்குப் போய்விட்டு வந்ததில் முகத்தில் களைப்பு. ஏழாம் வகுப்பு முழுவதும் அறையில் இருந்தது. முத்துப்பேச்சியும் கத்தோலிக்கர் அல்லாத மற்றப் பிள்ளைகளும் வெளியே போக வேண்டாம் என்று அமலோற்பவம் சொல்லியிருந்தார். ஆயர் பக்கத்தில் பங்குத்தந்தை, சுவரோரம் சிஸ்டர்கள் இருவரும்.

நாலைந்து கேள்விகள் நன்றாகப் போயின. பிறகு ஆயர் சன்னலோரம் கை காட்டினார்.

“நீ சொல்லும்மா. தூய ஆவியாரின் கொடைகள் எத்தனை, எவை?”

ஜெயராக்கினி எழுந்தாள்.

பங்குத்தந்தை ஆயரின் காதருகே குனிந்தார். “ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் பேச்சு…” குரல் தாழ்ந்திருந்தாலும் அறையில் எல்லாருக்கும் கேட்டது. ஜெயராக்கினிக்கும் கேட்டது. அவள் முகம் வெளுத்தது.

அவள் தொடங்கினாள். ஏழு என்ற சொல்லுக்கே நேரமாயிற்று. ஞானம் வந்தது. மெய்யுணர்வு சட்டென்று வந்தது. அறிவுரைத் திறனில் நின்றுவிட்டாள். முதல் எழுத்து மூச்சாகவே வெளியே போனது. கண்ணை மூடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. அறையில் ஒரு பெஞ்சுகூடக் கிறீச்சிடவில்லை.

பங்குத்தந்தை நல்ல மனதோடுதான் வாயைத் திறந்தார்.

எமரென்சியா கையைத் தூக்கினார். துறவறத்துக்கு வந்து முப்பது வருடத்தில் ஒரு குருவானவரின் பேச்சை அவர் தடுத்ததில்லை. உள்ளங்கையை அவர் பக்கம் காட்டி, அப்படியே நின்றார். பங்குத்தந்தை வாயை மூடிக்கொண்டார்.

ஆயர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சொல் வந்தது. அதற்குப் பின் ஆற்றல், நுண்மதி, இறைப்பற்று. கடைசியில் இறையச்சம். அவள் கண்ணைத் திறந்தபோது ஆயர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரி. உட்காரும்மா,” என்றார். அடுத்த கேள்விக்குப் போகாமல் வகுப்பைப் பார்த்தார். “உங்க எல்லாருக்கும் பதில் தெரியும்தானே? ஒருத்தர்கூட எடுத்துக் கொடுக்கலையே, ஏன்?”

கேள்வி விளங்காமல் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து முத்துப்பேச்சி எழுந்தாள்.

“அவதான் சொல்லிக்கிட்டு இருந்தாளே, சாமி.”

ஆயர் ஜெயராக்கினியைத் திரும்பிப் பார்த்தார். “ஆமா,” என்றார் பிறகு. “சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா.”

ஆயரின் கார் கிளம்பும்போது பங்குத்தந்தை எமரென்சியாவிடம் வந்தார். சிஸ்டர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். பங்குத்தந்தை அதற்கு இடம் கொடுக்காமல், “ஞாயித்துக்கிழமைக்குப் பத்தொன்பது பேர்தானே, சிஸ்டர்? எண்ணெய்க்குச் சொல்லணும்,” என்று கேட்டார்.

“பத்தொன்பது பேர், சாமி.”

பள்ளி விட்டது. ஜெயராக்கினியின் தாய் வாசலில் நின்றிருந்தாள். மகள் ஓடிப்போய் அவளிடம் எதையோ சொல்லத் தொடங்குவதும், தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து நிற்பதும் அலுவலக அறைச் சன்னல் வழியாகத் தெரிந்தது. எமரென்சியா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இந்தப் பிள்ளைங்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது, சிஸ்டர்? கணக்கிலயும் பார்த்தேன், தமிழ்லயும் பார்த்தேன். எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியல.”

அமலோற்பவம் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“போன வருஷம் ஜூன்ல அவ ஆறாம் வகுப்புல வந்து சேர்ந்தா. முதல் நாள் முதல் பீரியட் என்னுது. ஒவ்வொருத்தரையா பேர் கேட்டேன். அவ எந்திரிச்சு ‘ஜெ’ன்னு நின்னா. எனக்கு அவசரம். பதிவேட்டைப் பார்த்து, ‘ஜெயராக்கினி, சரி உட்காரு’ன்னேன்.”

எமரென்சியா திரும்பிப் பார்த்தார்.

“மறுநாள் அவ வரல. ஒரு வாரம் வரல. ரெண்டு வாரம். வீட்டுக்குப் போனேன். காய்ச்சலான்னு கேட்டேன். அவ அம்மா, ‘இல்ல சிஸ்டர், அவ பேரை அவளைச் சொல்ல விடலையாம்’னாங்க. கோபமாக்கூடச் சொல்லல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அங்க ஒண்ணும் சொல்லல. நாளைக்கு அனுப்புங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தேன். வந்தா. எல்லாரும் இருக்கும்போது, ‘அன்னைக்கு நான் தப்புப் பண்ணிட்டேன், இன்னொரு தடவை கேக்குறேன், உன் பேர் என்னம்மா’ன்னு கேட்டேன்.”

“சொன்னாளா?”

“சொன்னா. பயத்துல ரொம்ப நேரம் ஆச்சு. ரெண்டு தடவை அழுதா. நடுவுல ஒருத்தன் எடுத்துக் கொடுக்கப் பார்த்தான், பக்கத்துல இருந்தவன் அவன் கையைப் பிடிச்சான். அவ சொல்லி முடிச்சதும் பெல் அடிச்சுது.”

“முழு பீரியடுமா?”

“முழு பீரியடும்.”

எமரென்சியா சன்னலை விட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“நடத்தின பாடத்தை அன்னன்னைக்குப் பதிவேட்டுல எழுதணுமே. அந்த பீரியடுக்கு என்ன எழுதினீங்க?”

“என்னோட பீரியட்தானே, சிஸ்டர்,” என்றார் அமலோற்பவம். “கணக்குன்னுதான் எழுதினேன்.”