தொழுவத்து மோடம்

நெட் இணைப்பு கொடுக்க வந்த இசக்கிமுத்துவிடம், நீ எந்தத் தெரு என்று முதலில் விசாரித்தார் ரைஸ்மில் முதலாளி சங்கரலிங்கம். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“வீட்டுக்குள்ள கால் வைக்காதே. ஆனா மாடியில கம்ப்யூட்டருக்கு இன்னைக்கே நெட் வரணும். இல்லேன்னா உன் வேலைக்கு உலை வச்சிருவேன்.”

“எதுவரைக்கும் வரலாம் மொதலாளி?”

“மாட்டுத்தொழுவம் வரைக்கும்.”

தொழுவத்துத் தூணிலேயே மோடத்தை மாட்டினான் இசக்கிமுத்து. பச்சை விளக்கு எரிந்தது. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை. முதலாளி கத்தினார்.

“என் கை பட்ட சாமான் மொதலாளி. நான் வரக்கூடாத இடத்துக்கு அது மட்டும் எப்படி வரும்? உள்ள கூப்பிடுங்க, மாடியிலயே மாட்டித் தாரேன்.”

முதலாளி கூப்பிடவில்லை. கம்ப்யூட்டரைத் தொழுவத்துக்கு இறக்கச் சொன்னார்.

சாயங்காலம் அமெரிக்காவிலிருந்து மகள் திரையில் வந்தாள். “என்னப்பா, பின்னால மாடு நிக்குது?”

முதலாளி இன்றைக்கும் சாணி வாடையில்தான் உட்கார்ந்து மகளோடு பேசுகிறார்.