பாதி விலைக்கு வீடு கேட்டவள்

உங்கள் வீட்டை விலைக்குப் பார்க்க வந்த ஒருத்தி, பேரம் பேசும் முன்னே, "உங்க அடுக்களையில கொஞ்சம் பால் காய்ச்சிப் பாக்கட்டுமா?" என்று கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஆவுடையப்பன் கதவைச் சாத்திவிட்டார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்தது. வீட்டை வாங்கி, பத்திரம் முடித்து, நல்ல நாள் பார்த்துக் குடிபோகிறவர்கள்தான் பால் காய்ச்சுவார்கள். வாங்கும் முன்னே காய்ச்சுவது என்றால், சட்டை எடுக்கப் போன இடத்தில் கடைக்காரரிடம் சோப்பும் வாளியும் கேட்பதைப் போலத்தான். போதாததற்கு, கதவு சாத்துவதற்குள் அவள் ஒரு விலையையும் சொல்லிவிட்டாள். அவர் மனதில் வைத்திருந்ததில் பாதி.

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். அம்பாசமுத்திரத்தைச் சுற்றி அவர் போகாத வீடு கிடையாது. அவர் வீட்டுக்குத்தான் வர ஆள் இல்லை. பிள்ளைகள் இல்லை. மனைவி மங்கையர்க்கரசி போய் மூன்று வருஷம் ஆகிறது. மெஸ்ஸிலிருந்து மதியம் கேரியர் வரும். அதிலேயே மிச்சம் வைத்து ராத்திரிக்கும் சாப்பிட்டுக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பின்கட்டில் வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டார். பின்கட்டிலிருந்து கூப்பிட்டால் தெருவுக்குக் கேட்காது. கேரியர் கொண்டுவந்தவர் மதியம் உள்ளே எட்டிப் பார்த்துத் தூக்கிவிட்டார்.

சேதி கேட்டுத் தென்காசியிலிருந்து தங்கை ஓடி வந்தாள். தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்திருப்பதாகவும், உடனே கிளம்பும்படியும் சொன்னாள். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வர மாட்டேன், விற்றால்தான் வருவேன் என்றார் இவர். அடுத்த தடவை கேரியர்க்காரருக்கு லீவாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு அழுதுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து வீடு விலைக்கு நின்றது. வந்தவர்களும் ஒரு தினுசாகத்தான் வந்தார்கள். ஒருவர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் திசைகாட்டியைத் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து, சாமி அறையைக் குளியலறையாக மாற்றச் சொன்னார். இன்னொருவருக்கு வீடு வேண்டாமாம். தேக்கு நிலையையும் கதவையும் மட்டும் கழற்றித் தர முடியுமா என்று கேட்டு, அதற்கு ஒரு விலையும் சொன்னார். வேறொருவர் குளிர்ச்சியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று கூடத்தில் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கி, சாயங்காலம் எழுந்து, குளிர்ச்சி சரிதான் ஆனால் பாதி விலை என்றார். ஒவ்வொருவரையும் ஆவுடையப்பன் தெருமுனை வரை கேட்கும்படி ஏசி அனுப்பினார். அண்ணாச்சி வீடு விற்கவில்லை, சண்டை போட ஆள் பிடிக்கிறார் என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள்.

பால் காய்ச்சக் கேட்டவளை அனுப்பிவிட்டு, அன்றைக்கே சங்கரவடிவிடம் போனார்.

சங்கரவடிவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. வாய்க்கால் கரையில் பழைய சத்திரம் ஒன்றில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் சிலர் வந்து அவர் முன்னால் உட்காருவார்கள். அந்த அம்மா குரு, இவர் சீடர். ஆனாலும் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். இதில் யாருக்கும் இதுவரை குழப்பம் வந்ததில்லை.

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு ஆவுடையப்பன் கேட்டார்: "குறைச்சுக் கேக்கிறவங்களுக்கு என்னம்மா பதில் சொல்லணும்?"

சங்கரவடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அந்தப் பால் காய்ச்சக் கேட்ட பிள்ளையை நாளைக்கு வரச் சொல்லுங்க. நானும் வாரேன்."

"நான் கதவைச் சாத்திட்டேன்மா."

"தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கந்தான்."

"அப்ப உங்க கைக்கு எட்டும்லா."

மறுநாள் காலையில் இரண்டு பெண்களும் சேர்ந்தே வந்தார்கள். பால் காய்ச்சக் கேட்டவள் பெயர் பேச்சித்தாய். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இட்லிக்கடை போட்டிருக்கிறாள். மாமனார், மாமியார், புருஷன், இரண்டு பெண்பிள்ளைகள் எல்லாரும் வாடகைக்கு ஓர் அறையில் இருக்கிறார்கள். கையில் வெண்கலப் பானை, பால், நாலு தேங்காய்ச் சிரட்டை. எதற்கும் யாரையும் எதிர்பார்க்காத ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது.

ஆவுடையப்பன் வீட்டைக் காட்டத் தொடங்கினார். தேக்கு நிலை, வழுவழுத்த தூண், கோடையிலும் வற்றாத கிணறு. ஒவ்வோர் அறைக்கும் சாவிக்கொத்தில் சாவி தேட வேண்டியிருந்தது. ஒரு சாவி திரும்பவே இல்லை. ஆவுடையப்பன் தலைக்குத் தடவ வைத்திருந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுத் திறந்தார்கள். உள்ளே மங்கையர்க்கரசியின் சேலைகள் கொடியில் போட்டது போட்டபடி கிடந்தன. ஆவுடையப்பன் அந்த அறைக்குள் நுழையவில்லை.

அடுக்களையில் கேஸ் அடுப்பைப் பழைய வேட்டியால் மூடிக் கட்டியிருந்தது. இந்த டியூபை நம்பிப் பற்றவைக்க மாட்டேன் என்று பேச்சித்தாய் சொல்லிவிட்டாள். பக்கத்தில் விறகடுப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்த பல்லி முட்டையை நோகாமல் எடுத்து ஜன்னலில் வைத்தாள். சிரட்டையைப் பற்றவைத்துப் பானையை ஏற்றினாள். பிறகு அங்கிருந்தபடியே விலையைச் சொன்னாள். அதே பாதி விலை.

ஆவுடையப்பன் கூடத்துக்கு வந்து குருவைப் பார்த்தார். "கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன். ஏன்னு நீங்க கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. இவளிடம் மட்டுமில்லை, வந்த எவரிடமும் கேட்டதில்லை. இப்போது வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேச்சித்தாய் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின் அறையில் ஓடு உடைந்து ஒழுகியிருக்கிறது. உத்திரத்தில் கரையான். கிணற்றை இறைத்துத் தூர் எடுக்காமல் அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. இந்தச் செலவெல்லாம் தன் தலையில்தானே விழும் என்றாள்.

"அது சரி, பால் எதுக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

"இந்த வீட்டுல புகை கண்டு வருஷக்கணக்காச்சுன்னு தெருவுல சொன்னாங்க அண்ணாச்சி. ஆள் இருக்காருங்காங்க, அடுப்பு எரியலைங்காங்க. புள்ளைகளைக் கூட்டிட்டு வரணும். எரியுதான்னு பாக்க வேண்டாமா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. இது பாதி விலைக்குப் போற வீடா? நீங்க வாங்க வந்திருந்தா எவ்வளவு கேப்பீங்க?"

சங்கரவடிவு எழுந்து, தெருக்கதவை ஒட்டிய நடைக்குப் போனார். குறுகலான இடம். சுவரோரம் சுருட்டாத ஒரு பாய். தலைமாட்டில் டார்ச் லைட், தண்ணீர் பாட்டில், கேரியர். ஆணியில் இரண்டு சட்டைகள்.

"இங்கயா படுக்கீங்க?"

"ஆமாம்மா. எதுவும் ஆச்சுன்னா தெருவுக்குக் கேக்கும்லா."

"சாப்பாடு?"

"இங்கதான்."

"பேப்பர் படிக்கது?"

"இங்கதான். கதவைத் திறந்து வச்சா நாலு பேரு போறது வாரது தெரியும்."

சங்கரவடிவு பாயை நீளவாக்கில் ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு விலை சொன்னார். கதவையும் நிலையையும் மட்டும் கேட்டவர் சொன்னதைவிடவும் குறைவான விலை அது.

ஆவுடையப்பன் ஓரடி பின்னால் போனார். "நீங்களுமாம்மா குறைச்சுக் கேக்கீங்க?"

"நான் குறைக்கலை அண்ணாச்சி. நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு விலை சொன்னேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுக்களையிலிருந்து புகை கூடத்தைக் கடந்து, திறந்து கிடந்த அறைகளுக்குள் நுழைந்து, மெதுவாக நடைக்கு வந்தது. அவர் இருமினார். கண்ணைத் துடைத்தார். அது புகையால்தான் என்று மற்ற இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

பால் பொங்கியது. எந்தப் பக்கமாகப் பொங்கியது என்று பேச்சித்தாய் பார்க்கவில்லை. பானையை இறக்கும் அவசரத்தில் இருந்தாள்.

ஆவுடையப்பன் அடுக்களை வாசலுக்குப் போனார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அந்தத் தெருவில் வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று சொன்னார். ஓட்டுக்கும் கரையானுக்கும் கழித்துக்கொள்வதாகவும், கிணற்றில் தூர் எடுப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். கிணறு யாருடையது, என்னுடையதா, என்று அவள் மடக்கினாள். அவர் கொஞ்சம் இறங்க, அவள் கொஞ்சம் ஏற, பேச்சு ஒரு விலையில் வந்து நின்றது. அது அவள் கேட்டதும் இல்லை, அவர் மனதில் வைத்திருந்ததும் இல்லை. அவள் முந்தானையில் முடிந்திருந்த அட்வான்ஸை எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மாமனாருக்கு வெளிச்சமான அறை வேண்டும், பிள்ளைகளுக்குத் தூண் பக்கத்தில் ஊஞ்சல் கட்டலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே பேச்சித்தாய் டம்ளர்களைக் கழுவினாள். மூன்று டம்ளரில் பால் ஊற்றிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். சங்கரவடிவு தரையில் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் மறுபடியும் நடைக்கே போய் நின்றிருந்தார். பணம் கையில் இருந்தது. தங்கைக்குப் போன் செய்ய வேண்டும். ஆனால் அவர் கூடத்தையும், அதற்கு அப்பால் திறந்திருந்த அறையையும், கொடியில் கிடந்த சேலைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மா," என்றார். "இனிமே இந்த வீட்டுக்கு நான் யாரு?"

சங்கரவடிவு கொஞ்சம் நகர்ந்தார். பக்கத்தில் தரையில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்து இடம் பண்ணினார்.

"உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி. பால் ஆறுது."