இல்லாத பிள்ளைகளின் வாத்தியார்

மலைகளுக்கு யாரும் இன்னும் பெயர் வைக்காத காலம் அது, கண்ணுகளா. அப்போது ஒரு காட்டைக் கருங்குன்றன் என்ற யானை ராஜா ஆண்டுவந்தார்.

குட்டிகளுக்கென்று அவர் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். எந்தப் பழம் விஷம், எந்தக் காலடி சிறுத்தையுடையது, வெள்ளம் வந்தால் எந்த மேட்டுக்கு ஓடுவது, இவைதான் பாடம். படிக்காத குட்டி அந்தக் காட்டில் ஒரு மழைக்காலம் தாங்காது. படிக்கிற குட்டி பசியோடு இருக்கக் கூடாதென்று, தலைக்கொரு பழம் தினமும் அரண்மனைத் தோப்பிலிருந்து வந்தது.

வாத்தியார் ஒரு புனுகுப் பூனை. அவர் மேலே அப்படியொரு வாசனை! பேச்சில் அதைவிட வாசனை. "உட்கார இடமில்லாத அளவுக்குப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், ராஜா" என்பார். கூடை கூடையாகப் பழம் வரும். வாத்தியார் தொப்பையும் கூடைபோல வளர்ந்தது.

அங்கே படித்த ஏழெட்டுக் குட்டிகளில் அரும்பும் ஒருத்தி. அவள் அம்மா செவ்வந்தி ஒரு சருகுமான். முயல் அளவே இருக்கும் மான் அது. இலை விழுந்தால் நடுங்கும். தன் நிழலுக்கே வழிவிட்டு ஒதுங்கும்.

"இன்னிக்கு என்னடி சாப்பிட்ட?"

"பழத்தோலும்மா. உள்ளே இருக்கிறது சின்னப் பிள்ளைங்களுக்குச் சூடாம். பாவம், வாத்தியாரே சாப்பிட்டுட்டார்."

செவ்வந்தி அவளைத் தடவிப் பார்த்தாள். மகளுக்கு விலா எலும்பு தெரிகிறது. சொன்னால், பள்ளிக்கூடத்தை விட்டே துரத்திவிடுவாரோ? சொல்லாவிட்டால், பிள்ளை தேறுமா?

முதல் முறை அரண்மனைக்குக் கிளம்பினாள். ஒரு சருகு சரசரத்தது. திரும்பி ஓடிவந்துவிட்டாள்.

இரண்டாம் முறை கிளம்பினாள். வழியில் வாத்தியாரே நின்றார். "எங்கேம்மா இவ்வளவு தூரம்?" என்று குழைந்தார். "தண்ணி குடிக்கத்தான், சார்" என்றவள், தாகமே இல்லாமல் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள். ராஜாவின் காலில் முட்டிக்கொண்டபோதுதான் வந்து சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்தது.

நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் பள்ளிக்கூடம் நிறைஞ்சிருக்கும், ராஜா. சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட நாங்க ஏழெட்டு அம்மாங்கதான் நிற்கிறோம். மத்த அம்மாங்களை நான் பார்த்ததே இல்லை."

ராஜா காதை ஆட்டினார். "போய் வா, தாயி. யார் சொன்னதுன்னு என் தும்பிக்கைக்குக்கூடத் தெரியாது."

மறுநாள் ராஜா பள்ளிக்கூடத்துக்கு வருவதாகச் செய்தி போனது. வந்து பார்த்தால் குட்டிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. பன்றிக்குட்டி, கீரிக்குட்டி, குரங்குக்குட்டி, எத்தனை விதம்! வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டார்.

ராஜா எண்ணவில்லை. பாடமும் கேட்கவில்லை. பொழுது சாயும்வரை சும்மா நின்றார். பிறகு, "அம்மாக்களெல்லாம் அவரவர் பிள்ளையைக் கூப்பிடுங்கள்" என்றார்.

கூப்பிட்டார்கள். அரும்பு ஓடினாள். இன்னும் ஆறேழு பேர் ஓடினார்கள். மற்றவர்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பிள்ளைகளைக் கற்பனை செய்த வாத்தியாருக்கு அம்மாக்களைக் கற்பனை செய்யத் தோன்றவில்லை, பாருங்கள்!

"இவர்களெல்லாம் அநாதைகள், ராஜா" என்று விசும்பினார் வாத்தியார்.

"அப்படியா? தாயில்லாத குட்டியை என்னிடம் கொண்டுவந்து பெயர் வைப்பதல்லவா நம் காட்டு வழக்கம்? இவர்களில் ஒருவருக்கும் நான் பெயர் வைக்கவில்லையே."

அதற்குள் பன்றிக்குட்டி வாத்தியாரின் வாலை இழுத்தது. "மாமா, ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்கம்மா தேடும். உட்கார்ந்தா பழம் தர்றேன்னீங்களே, குடுங்க, போறோம்."

காடே சிரித்தது. வாத்தியாரின் வாசனையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"இல்லாத பிள்ளைகள் எத்தனை பேரோ, அத்தனை பேருடைய பாடத்தையும் இனி நீரே உட்கார்ந்து படியும்" என்றார் ராஜா. வேறு வாத்தியார் வந்தார். அன்றுமுதல் பழம் பங்கிடுவது அம்மாக்களின் கண்ணெதிரில். யார் போய்ச் சொன்னது என்று காடு இன்றுவரை பேசிக்கொள்கிறது. சருகுமானைத்தான் யாரும் சந்தேகப்படவில்லை.

பிள்ளைகளின் படிப்புக்கு வந்த பங்கை ஒருவர் திருடுவதைக் கண்டால், நடுங்கிக்கொண்டாவது போய்ச் சொல்லிவிட வேண்டும்.