பூரணத்தம்மாளின் நாலு நிமிஷம்

கோவில்பட்டியில் ஒரு குரு இருந்தார். குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தெட்டு.

குருவின் பெயர் எப்சிபா. பாலிடெக்னிக் முடித்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் வீடியோ மிக்சிங் சென்டர் வைத்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள்.

சீடர் தங்கப்பழம். இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண வீடுகளில் கேமரா பிடிப்பவர். எடுத்ததை வெட்டி ஒட்டி டிஸ்க்காகப் போடும் வேலையையும் தானே படித்துக்கொள்ளலாம் என்று நாலு மாதமாக அவளிடம் வருகிறார். மகள் வயதுக்காரியை ‘டீச்சர்’ என்று கூப்பிட அவருக்குக் கூச்சம் இல்லை. அவள் தப்பு என்று சொல்லும்போது மட்டும் அந்த டீச்சர் கொஞ்சம் நீளும்.

அன்று மத்தியானம் படியேறும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. பாதி ஏற்றத்தால், மீதி கோபத்தால்.

“டீச்சர், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. நான் போட்ட டிஸ்க் சரியில்லையாம்.”

“யாரு சொன்னா, அண்ணாச்சி?”

“மஸ்கட்டுல இருக்கிற ஒருத்தன். கல்யாணத்துக்கு வரலை. ஒரு வாய் சாப்பிடலை. அங்க உக்காந்துக்கிட்டு இங்க குத்தம் சொல்லுதான்.”

அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் சண்முகக்கனி, போன மாதம் கல்யாணம் ஆனவள். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. பின்னால் வந்தது அவளுடைய அம்மா பூரணத்தம்மாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, வாய் பேசாது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் கை. அந்த வீட்டில் எல்லோரும் அம்மாவோடு கையால்தான் பேசுவார்கள். கை வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்க வேண்டும்.

“அக்கா, நான் குத்தம் சொல்ல வரலை,” என்றாள் சண்முகக்கனி. “எங்க அண்ணன் சொரிமுத்துவுக்கு லீவு கிடைக்கலை. அதான் ரிசப்ஷன் மேடையில அம்மா கேமராவைப் பாத்து அண்ணன்கிட்ட நாலு நிமிஷம் பேசுனாங்க. இந்த அண்ணாச்சிதான் எடுத்தாங்க. அந்த டிஸ்க்கைப் பாத்துட்டு அண்ணன் ஃபோன் பண்ணி அழுதான். அம்மா கை நடுங்குது, என்னத்தையோ மறைக்கீங்கங்கான்.”

ஃபோனில் முகம் பார்த்துப் பேசும் வசதி வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. மற்ற பிள்ளைகள் ஃபோனில் அம்மாவின் குரலையாவது கேட்பார்கள். சொரிமுத்துவுக்கு அந்த டிஸ்க்தான் எல்லாம்.

“ஒண்ணுமில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே,” என்றார் தங்கப்பழம்.

“சொன்னேன். அப்பாவுக்கு முடியாம இருந்தப்பவும் நீங்க இப்படித்தான் சொன்னீங்கங்கான். அது நெசந்தான். அப்ப மறைச்சோம். இப்ப வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்துருவேன்னு நிக்கான். பாதியில வந்தா மறுபடி அங்க போக முடியாது. நாளைக்கு விடியக்காலையில கழுகுமலைக்காரர் ஒருத்தர் மஸ்கட்டுக்குக் கெளம்புதாரு. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள அவர் கையில ஒரு நல்ல டிஸ்க் கொடுத்துட்டா, அண்ணன் பாத்துட்டு நம்பிருவான்.”

“நல்ல டிஸ்க்கா? அப்ப கொடுத்தது கெட்ட டிஸ்க்கா?” தங்கப்பழம் எப்சிபாவின் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா டீச்சர்? அதே டிஸ்க் பதினோரு வீட்டுக்குப் போயிருக்கு. ஒரு வீட்டுலயும் ஒரு பேச்சு இல்ல.”

“அவங்க பாட்டு கேட்டிருப்பாங்க, அண்ணாச்சி,” என்றாள் சண்முகக்கனி. “எங்கம்மா பேசுனதை யாரு கேட்டா?”

தங்கப்பழம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தான் எடிட் செய்து வைத்திருந்ததை ஓடவிட்டார். மேடை, ஜரிகைத் திரை, பூரணத்தம்மாளின் பச்சைப் பட்டு. கை தெளிவாக அசைந்தது. வளையல் ஒவ்வொன்றையும் எண்ணலாம்.

“எங்க நடுங்குது? காட்டுங்க. பளிங்கு மாதிரி இருக்கா இல்லையா?”

எப்சிபா, அவர் கொண்டுவந்திருந்த டிஸ்க்கை வாங்கி, அலமாரி மேலே இருந்த பழைய டிவியில் போட்டாள். பாட்டுச் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள்.

உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை நன்றாகத் தெரிந்தான். மேடையில் தொங்கிய மாலை நன்றாகத் தெரிந்தது. பூரணத்தம்மாள் கையைத் தூக்கியதும் கை உதறியது. விரல் ஒவ்வொன்றும் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனது. காய்ச்சல்காரி கை மாதிரி.

பூரணத்தம்மாள் திரையைப் பார்த்தார். மகளைத் தொட்டு என்னவோ கேட்டார்.

“வைகாசி மாசத்துல அன்னைக்கு அவ்வளவு குளிராவா இருந்துச்சுன்னு அம்மா கேக்காங்க,” என்றாள் சண்முகக்கனி.

தங்கப்பழத்துக்குக் காது சூடேறியது. “டிவி பழசு, டீச்சர்.”

எப்சிபா டிவிடி பிளேயரைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். பேக்கரியில் புது டிவி இருந்தது. கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

“அஞ்சே நிமிஷம்,” என்றாள் எப்சிபா.

“ரெண்டு ஓவர் பொறும்மா,” என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர். “பேட்ஸ்மேனே பொறுத்துக்கிட்டுத்தான் நிக்கான்.”

இரண்டு ஓவர் பொறுத்தார்கள். பிறகு டிஸ்க்கைப் போட்டார்கள். புது டிவியிலும் அதே கை, அதே நடுக்கம்.

“இந்தம்மாவுக்கு என்ன, வாதமா?” என்றார் டீ குடித்தவர்.

அந்தம்மா அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சண்முகக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடி மாடி ஏறினார்கள். தங்கப்பழம் பிளேயரைக் குறை சொன்னார். வெற்று டிஸ்க்கை விற்ற கம்பெனியைச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “ஒருவேளை நெசமாவே அன்னைக்கு அவங்க கை...” என்று ஆரம்பித்தார்.

சண்முகக்கனி அம்மாவிடம் கையால் எதையோ சொன்னாள். பூரணத்தம்மாள் தங்கப்பழத்தின் முன்னால் வந்து நின்றார். வலது கையை அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் விரித்து நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. மின்விசிறிக் காற்றில் சேலைத் தலைப்புதான் ஆடியது. தங்கப்பழம் கண்ணைத் தாழ்த்தும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

“அண்ணாச்சி,” என்றாள் எப்சிபா, “டிஸ்க்குக்கு ஏத்த படமா எக்ஸ்போர்ட் பண்ணும்போது கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் கேக்குமே. எந்த வரி முதல்லன்னு. என்ன போட்டீங்க?”

“மேல் வரி முதல்லன்னு.”

“ஏன்?”

“எதையும் மேல இருந்துதானே டீச்சர் ஆரம்பிக்கணும்? கடுதாசியே மேல பிள்ளையார் சுழி போட்டுத்தானே எழுதுதோம்.”

“உங்க கேமரா கீழ் வரியில இருந்து ஆரம்பிக்கும்.”

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு அது பாடத்தில் வந்தது நினைவிருந்தது. டிவி ஒரு படத்தை இரண்டு பாதியாகக் காட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரி. பின்னால் வரவேண்டிய பாதி முன்னால் வந்துவிட்டால், ஓடுகிறவன் ஒரு அடி போய் ஒரு அடி திரும்பி வருவான். சும்மா உட்கார்ந்திருப்பவனிடம் எந்த மாற்றமும் தெரியாது. கல்யாண வீட்டில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள்தான். கம்ப்யூட்டரோ இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டிவிடுகிறது.

புரிந்தது. புரிந்ததனால் கோபம் குறைந்துவிடவில்லை. இந்தக் கட்டத்தை யார் கண்டுபிடித்தது, கேமராவை ஏன் தலைகீழாகச் செய்தார்கள், இதை எல்லாம் ஒரு ஃபோட்டோகாரன் தலையில் ஏன் கட்டுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டத்தை மாற்றினார். ரிசப்ஷன் படம் மட்டும் ஒரு மணி நேரம் ஓடும். எக்ஸ்போர்ட் ஆக முக்கால் மணி ஆனது. டிஸ்க்கில் எழுதக் கால் மணி. பூரணத்தம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து பேக்கரி பன்னைப் பிய்த்துத் தின்றார். ஒரு துண்டைத் தங்கப்பழத்திடமும் நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தத் துண்டையும் அந்த அம்மாவே தின்றார்.

இந்த முறை தங்கப்பழம் கம்ப்யூட்டரில் பார்க்கவில்லை. நேராக டிவியில் போட்டார்.

கை எழுந்தது. விரல்கள் பாய்ந்தன, மடங்கின, நெஞ்சைத் தொட்டன. ஒன்றும் உதறவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“டீச்சர், இப்ப பாருங்க. சரியா?”

எப்சிபா பார்த்தாள்.

“எனக்கு அந்தப் பாஷை தெரியாது, அண்ணாச்சி. அவங்களைக் கேளுங்க.”

வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறாள் என்று பட்டது அவருக்கு. இருந்தாலும் பூரணத்தம்மாளின் பக்கம் திரும்பி, எப்படிக் கேட்பது என்று தெரியாமல், டிவியைக் காட்டினார். அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் பேசியதைத் தானே கவனமாகக் கேட்டார். ஒரு நிமிஷம் தலையாட்டினார். இரண்டாவது நிமிஷம் சிரித்தார்.

மூன்றாவது நிமிஷத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

மகளிடம் விறுவிறுவென்று எதையோ சொன்னார். சண்முகக்கனி டிவியைப் பார்த்தாள்.

“இந்த எடத்துல அம்மா பேசுனது போயிருச்சு, அண்ணாச்சி.”

“என்ன போயிருச்சு? நடுக்கம் போயிருச்சு. அதுக்குத்தானே வந்தீங்க?”

திரையில் பூரணத்தம்மாள் இல்லை. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் நாலு பேர் சிரித்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு நொடி. பிறகு மறுபடி பூரணத்தம்மாள் வந்தார், கை வேறெங்கோ இருந்தது.

“அது கட் ஷாட்டும்மா,” என்றார் தங்கப்பழம். “யாரு பேசுனாலும் நடுவுல ஜனங்களைக் காட்டுதது வழக்கம். மந்திரி பேசுனாலும் காட்டுவோம். ஒரே ஆளை நாலு நிமிஷம் காட்டுனா யாரு பாப்பா? படம் மாறுனாலும் பேச்சுச் சத்தம் அது பாட்டுக்குப் போயிட்டுத்தானே...”

நிறுத்தினார்.

அறையில் பிளேயர் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அதை ஒருத்தர் தவிர எல்லோரும் கேட்டார்கள்.

பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. “எட்டு செகண்டு,” என்றார். “நாலு நிமிஷத்துல எட்டே எட்டு செகண்டு. அப்படி என்ன சொல்லிட்டாங்க அதுல?”

சண்முகக்கனி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தார்.

“அது அண்ணனுக்குச் சொன்னது,” என்றாள்.

“சரி. எங்கிட்ட சொன்னா என்ன? அதுக்குத் தக்கனதானே வெட்ட முடியும்?”

“அண்ணனுக்குச் சொன்னது, அண்ணாச்சி.”

மணி மூன்றரை. வெட்டாத படம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. மறுபடி எக்ஸ்போர்ட், மறுபடி டிஸ்க், ஒரு மணி நேரம். ஆறு மணிக்குள் முடிந்துவிடும். நேரம் அவருக்குப் பிரச்சினை இல்லை. இத்தனை வருஷத் தொழிலில், தான் எடுத்த படத்துக்குள் தனக்கே தெரியக் கூடாதது ஒன்று இருக்கிறது என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை.

நாற்காலியைத் திருப்பினார்.

“என்ன டீச்சர் இது? என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட சொல்லமாட்டாங்களாம். எனக்கு அந்தப் பாஷையும் தெரியாது. அப்புறம் எதை வைக்கணும், எதை வெட்டணும்னு நான் எப்படி முடிவு பண்ண?”

எப்சிபா புது டிஸ்க் ஒன்றை உறையிலிருந்து எடுத்து, விளிம்பில் பிடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

“தபால்காரர் எப்படி முடிவு பண்ணுதாரு, அண்ணாச்சி?”