கொடியைப் பிடித்தது யார்?

ஒரு காட்டில் தொங்கல் பாறை என்று ஒரு பாறை இருந்தது, குழந்தைகளே. அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால், கீழே ஓடும் பெரிய ஆறு அரைஞாண் கயிறு போலத் தெரியும். அந்தப் பாறையின் வயிற்றில்தான் முறம் முறமாகத் தேனடைகள் தொங்கின.

அந்தத் தேனை எடுப்பது கரடிகளின் தொழில். ஒருவன் காட்டுக்கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். மற்றவன் மேலே நின்று கொடியைக் கையால் பிடித்திருப்பான். யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. இறங்குகிறவனின் மனைவியுடைய அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி அறுவதற்கு எவனாவது சம்மதிப்பானா? அதனால் அவன் பிடியை விடமாட்டான் என்று கரடிகள் நம்பின.

சடையன் என்ற கரடி இறங்குகிறவன். வீம்புக்குப் பிறந்தவன். அவன் மனைவி காரி. காரியின் அண்ணன் மூக்கன் கொடி பிடிக்கிறவன். அவன் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டு பேருக்கும் முகவாய் நரைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேருமே அதை ஒத்துக்கொள்ளவில்லை.

தேன் காலம் தொடங்கும் முன் இறங்குகிறவனுக்கு ஒரு சோதனை உண்டு. காகம் இருபது தடவை கரையும் வரை அவன் நாவல் மரக் கிளையில் தொங்க வேண்டும். கொடி பிடிக்கிறவனுக்குச் சோதனை கிடையாது. தரையில் நிற்கிறவனுக்கு எதற்குச் சோதனை என்று விட்டுவிட்டார்கள், புத்திசாலிகள்!

அந்த வருடம் சோதனை முடிந்ததும் காரி கெஞ்சினாள்.

"வேண்டாங்க. போன வருஷமே முட்டி வீங்கி ஒரு மாசம் படுத்துக் கிடந்தீங்க. உதிர்ந்து கிடக்கிற இலுப்பைப் பூவைத் தின்னுட்டு நிம்மதியா இருக்கலாமே."

"பூப் பொறுக்கணுமா? நானா? இருபது சத்தம் வரைக்கும் தொங்கினேனே, பார்க்கலையா நீ?"

"இலைக்கு நடுவுல என்னத்தைப் பார்க்கிறது?"

சடையன் தொண்டையைச் செருமினான். "உங்க அண்ணன் புடிச்சிருக்கும்போது உனக்கு என்னடி பயம்?"

"அது ஒண்ணுதான் எனக்குத் தைரியம்" என்றாள் காரி.

மறுநாள் காலை இருவரும் பாறை உச்சிக்குப் போனார்கள். பெண்கள் விளிம்புக்கு வரக்கூடாது என்பது வழக்கம். அதனால் காரி சுரைக்குடுவையோடு மூங்கில் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

விளிம்பருகே பட்டுப்போன வேங்கை மரத்தின் அடிக்கட்டை ஒன்று நின்றது. சடையன் அதை முகர்ந்தான். உடனே நகத்தால் கீறி, உதட்டைக் குவித்து, உள்ளே இருந்ததை உறிஞ்சத் தொடங்கினான்.

"மச்சான், ஓடி வா! கட்டைக்குள்ள ஒரே கறையான்! என்ன ருசி, என்ன ருசி!"

கறையான் என்றால் உயிரையே விடுகிற மூக்கன், அன்று கிட்டவே வரவில்லை. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"போதும் மாப்ளே. வெயில் ஏறுது" என்று மட்டும் சொன்னான்.

சடையன் வாயைத் துடைத்துக்கொண்டு கொடியைப் பிடித்து இறங்கினான். அவன் தலை மறைந்த மறுகணமே மூக்கன் ஒரு காரியம் செய்தான். கொடியை அந்த அடிக்கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

பக்கத்து மரத்தின் மேலிருந்த ஓர் அணில் பதறிப்போனது. அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஐயையோ, மூக்கண்ணே! நீங்க புடிக்கலையா?"

"கத்தாதே. ரெண்டு வருஷமா என் விரல் மடங்க மாட்டேங்குது. வெளியே தெரிஞ்சா என்னை ஒதுக்கிடுவாங்க. இந்தக் கட்டைதான் மாப்பிள்ளையைத் தாங்குது."

"இப்பத்தானே அதுக்குள்ள இருந்த கறையானை அவர் உறிஞ்சினார்! உள்ளே வெறும் மண்ணுதானே இருக்கும்!"

"இன்னைக்கு ஒரு நாள் தாங்கும்."

தாங்கவில்லை, குழந்தைகளே. படீரென்று கட்டை உடைந்தது. கொடி விர்ரென்று விளிம்பை நோக்கி ஓடியது. மூக்கன் பாய்ந்து பிடித்தான். விரல்கள் மூடவில்லை. உள்ளங்கையை உரித்துக்கொண்டு கொடி ஓடியது. அவன் தொப்பென்று கொடியின் மேலேயே குப்புற விழுந்தான். அப்போதும் அது அவன் வயிற்றுக்கு அடியில் நழுவிக்கொண்டே போனது.

"காரீ!"

வாயே திறக்காத மூக்கன் போட்ட கூச்சலில் காடே அதிர்ந்தது. காரி வழக்கத்தையெல்லாம் பார்க்கவில்லை. குடுவையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். கொடியை எட்டிப் பிடித்து, பாறையில் காலை உதைத்துக்கொண்டு நின்றாள். புற்றுப் புற்றாகத் தோண்டி உரமேறிய கைகள் அவளுடையவை. கொடி நின்றது. கீழேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு சாண் சாணாக அவள் இழுத்தாள். கடைசியில் சடையனின் தலை தெரிந்தது. அவன் பாறைமேல் உருண்டு விழுந்தான்.

காரியின் பார்வை அவன் இடுப்பில் நின்றது. கொடி அங்கே முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

"இது என்ன?"

"கையில பிடிப்பு இல்ல காரி. போன வருஷத்துல இருந்தே, விளிம்பைத் தாண்டினதும் யாருக்கும் தெரியாம இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் இறங்குறேன்."

"அப்போ நாவல் மரத்துல தொங்கினது?"

"கீழ்க்கிளையில காலை ஊணிக்கிட்டேன். இலை மறைச்சிடுச்சு."

அப்போதுதான் சடையன் திரும்பி, உடைந்து கிடந்த அடிக்கட்டையைப் பார்த்தான். அதில் கொடி சுற்றிய தடம் புதிதாகத் தெரிந்தது.

"மச்சான்... என்னைப் புடிச்சிருந்தது யாரு?"

மூக்கன் மடங்காத விரலை அந்தக் கட்டையை நோக்கி நீட்டினான்.

சடையனின் வாயில் கறையான் ருசி இன்னும் போகவில்லை. அவன் அப்படியே குனிந்து, தின்றதையெல்லாம் கக்கினான்.

காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவர் தொங்கவே இல்ல. நீ புடிக்கவே இல்ல. உங்க ரெண்டு பேரையும் நம்பித்தானே நான் அந்தப் புதர்ல உட்கார்ந்து, எத்தனை குடுவை நிறையும்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்!"

இரண்டு நரைத்த முகங்களும் தரையைப் பார்த்தன.

அவள் சடையனின் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கொடியை முழுவதுமாகச் சுருட்டி, விளிம்பில் நின்று கீழே எறிந்தாள். அது ஆற்றில் விழுந்த சத்தம் மேலே வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் சடையன் அழுதான்.

நீதி: உடல் தளர்ந்ததை மறைத்துக்கொண்டு உயரத்தில் வேலை செய்கிறவர், தம்மை நம்பியவரின் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.