தலையணை உறைக்குள் மூன்று சிங்கங்கள்

அநியாயம் நடந்தது இசக்கிப்ரியாவுக்கு. கோவில்பட்டிப் பெண்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் அவள். இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு பந்து அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அன்று மாலையே ஊர் ஹாக்கி ரசிகர்களின் இணைய மன்றத்தில் ‘கர்ஜனை’, ‘கரும்புயல்’, ‘மர்ம மனிதன்’ என்று மூன்று பேர் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆண்கள் அணிக் கீப்பர் அதே மைதானத்தில் ஆறு கோல் விட்டபோது, “பாவம், வெயில் கண்ணில் அடித்தது” என்று எழுதியதும் இதே விரல்கள்தான்.

இசக்கிப்ரியா காலில் கட்டும் பேடுகளைப் பரணில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாநில அணித் தேர்வு. போகமாட்டேன் என்றாள்.

“வேடிக்கை பாக்குற கூட்டத்துல எவன் அந்த மர்ம மனிதன்னு தெரியாம எப்படிக்கா நிக்கிறது?” என்று அக்காவிடம் அழுதாள்.

மன்றத்தை நடத்துகிறவர் வெறுத்துப்போய் ஒரு விதி போட்டார்: ‘யாரையாவது திட்டுவதானால் முதலில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரவும்.’

மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் நம் மூன்று பேரும், அதாவது கொம்பையா, வெயிலுமுத்து, பூலோகராஜ், விதியை மதிப்பவர்கள். டீக்கடையில் கூடி ஆலோசித்தார்கள்.

“நேரே போனா நாம யாருன்னு தெரிஞ்சிருமே,” என்றான் பூலோகராஜ்.

“ஏலே, விதியை ஒழுங்காப் படி. அவ முகத்துக்கு நேரே சொல்லணும். நம்ம முகத்தைக் காட்டணும்னு எங்க போட்டிருக்கு?” என்றான் கொம்பையா.

தலையணை உறை மாட்டிக்கொள்வதென்று முடிவாயிற்று. கண்ணுக்கு ஓட்டை போடலாமா என்று அடுத்த விவாதம்.

“போட்டா கண்ணை வச்சே கண்டுபிடிச்சிருவா,” என்றான் வெயிலுமுத்து. ஓட்டை கைவிடப்பட்டது.

உச்சி வெயிலில் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்தபடி புறப்பட்டார்கள். முதலில் ஒரு டிரான்ஸ்பார்மரைத் திட்டினார்கள். அது “ம்ம்ம்” என்றது.

“ஏலே, ஒத்துக்கிட்டா!” என்றான் வெயிலுமுத்து.

அவ்வழியே வந்த காய்கறி வண்டிக்காரர், “கொம்பையா, அது டிரான்ஸ்பார்மர்டே. இசக்கி வீடு வலப்பக்கம்,” என்று திருப்பிவிட்டார்.

“நன்றி அண்ணாச்சி,” என்றான் கொம்பையா, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல்.

இசக்கிப்ரியா கதவைத் திறந்தாள். மூவரும் போனை உறைக்குள் நுழைத்து, எழுதியதை எழுதியபடியே வாசித்தார்கள்.

“ஓட்டைச் சல்லடையே, போய்ப் பாத்திரம் கழுவு. சிரிக்கிற மூஞ்சி, சிரிக்கிற மூஞ்சி, நெருப்பு. பதினேழு லைக்.”

“அதுல ஒண்ணு நான் போட்டது,” என்றது பக்கத்து உறை.

மூன்றாவது உறைக்குள் போன் அடித்தது. “அம்மா, இங்க ஒரு பிள்ளையைத் திட்டிக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசுதேன்.”

இசக்கிப்ரியா வாசற்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்தது இதுகள்தானா!

“அக்கா, பேடை எறக்கு. ஞாயித்துக்கிழமை போறேன்!” என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

பிறகு வந்தவர்களிடம் மரியாதையாகவே கேட்டாள்: “அண்ணாச்சி, நானும் முகத்துக்கு நேரேதானே பதில் சொல்லணும்? இந்த உறையில எது முன்பக்கம்?”

மூன்று உறைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வெகுநேரம் கிசுகிசுத்தன. கடைசியில் கொம்பையா தொண்டையைச் செருமி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னான்:

“அதைச் சொன்னா நாங்க யாருன்னு கண்டுபிடிச்சிருவியே, தங்கச்சி!”